பூங்கொடி பெயர் வெட்டிய தட்டு

கண்ணு செந்தில்,

நீ டெக்ஸஸ் பிளானோவிலிருந்து அனுப்பிய இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று, கல்யாணத்துக்கு நீ கூப்பிடப்போகிற நண்பர்களின் பட்டியல். இன்னொன்று, உங்கள் முதல் ரெக்கார்டை மறுபடி வெளியிடுகிறார்களே, அதனுடன் வைக்கப்போகும் சின்னப் புத்தகத்துக்காக நீ எழுதிய பேண்ட் வரலாறு. "அப்பா, படிச்சுட்டு மிஸ்டேக் இருந்தா சொல்லுங்க, மாசக் கடைசில பிரிண்ட்டுக்குப் போகுது" என்று போனில் சொன்னாய். இருபது வருடமாகச் சர்க்யூட் போர்டுகளில் கோளாறு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனிடம் அதைச் சொன்னதில் உனக்குக் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. ஆபீஸில் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். தப்பு இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் இல்லை. வரலாற்றில் அதே பெயரைப் பற்றித் தப்பாக எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் காரணம் நான்.

முதலில் இதை ஆங்கிலத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்தேன். ஆபீஸில் ஒரு போர்டு ஃபெயில் ஆனால் மேலே அனுப்புகிற ரிப்போர்ட் மாதிரியே வந்தது. என்ன நடந்தது என்பது இருந்தது, செய்த ஆள் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நீ எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், ஆகட்டும். புரியாத இடம் வந்தால் நித்யாவிடம் கேட்காதே, கல்யாணத்துக்கு முன்னாலேயே மருமகளிடம் என் மானம் போக வேண்டாம். இல்லை, வேண்டாம், அவளிடமே கேள். நம் வீட்டுக்கு வரப்போகிறவள், மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்கும் தெரியட்டும்.

நீ எழுதிய வரலாறு நம் மில்பிடாஸ் வீட்டு கராஜில் ஆரம்பிக்கிறது. அது சரி. தொண்ணூறாம் வருடம் இலை உதிர்கிற சமயத்தில் என் காரை வெளியே தெருவுக்குத் துரத்திவிட்டு நாலு பேர் உள்ளே புகுந்தீர்கள். நீ பாஸ் கிட்டார், டுவான் கீபோர்டு, கைல் பாட்டும் கிட்டாரும், டெரக் டிரம்ஸ். பேண்டுக்கு ஸால்ட் பாண்ட் சர்வே என்று பெயர் வைத்தீர்கள். காற்று அடித்தால் வளைகுடாப் பக்கத்து உப்புக் குட்டைகளின் நாற்றம் நம் வீட்டுக்குள் வரும், அந்த நாற்றத்துக்கா கண்ணு பேர் வெச்சிருக்கீங்க என்று கேட்டேன். நீ முறைத்தாய். உங்கள் பாட்டுகள் ஒவ்வொன்றும் நான் ஃப்ரீவேயில் ஆபீஸ் போய்ச் சேரும் நேரம் நீளும். நடுவில் பாட்டே இருக்காது, திடீரென்று தாளம் மாறும், முடிந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விடும்போது மறுபடி ஆரம்பிக்கும். இந்தச் சங்கீதத்துக்கு ப்ராக்ரஸிவ் ராக் என்று பெயர் என்றாய். எனக்குப் புரியவில்லை என்றாலும் கேட்டேன். கிச்சனுக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரு கதவுதான், கேட்காமல் எங்கே போவது? ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து எந்த இடத்தில் தாளம் மாறும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் சொன்னதில்லை.

ப்ராக்டிஸ் முடிந்ததும் மற்ற இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். டெரக் மட்டும் கிச்சனுக்கு வந்துவிடுவான். செம்பட்டை முடியும் நீளக் கைகளுமாக அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தோசைக்குக் காத்திருப்பான். முதல் வாரமே எங்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்தது அவன்தான். அம்மா தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டில்தான் அவனுக்குப் போடுவாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக 'சு. பூங்கொடி' என்று வெட்டியிருப்பதைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். "அது என்ற பேரு கண்ணு. விசேசத்துக்குப் பாத்திரம் குடுத்தா மாறிப் போயிருமில்ல, பேரு இருந்தா வூட்டுக்கு வந்து சேந்துரும்" என்றாள். நீ அலுத்துக்கொண்டே மொழிபெயர்த்தாய். அடுத்தவர் வீட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவள் சொல்ல, அவன் அதை ஏதோ பெரிய சட்டம் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். தோசை வரும்வரை அந்தத் தட்டில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். நாலு, நாலு, மூன்று. நாலு, நாலு, மூன்று. பதினொன்று. உங்கள் பெரிய பாட்டின் நடுவில் வருகிற அந்தப் பதினொன்றை இன்றைக்கு ஜப்பானிலிருந்து ஸ்வீடன் வரை எத்தனையோ பிள்ளைகள் பார்த்து வாசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். 'பேண்டாகச் சேர்ந்து கண்டுபிடித்தோம்' என்றும் எழுதியிருக்கிறாய். இல்லை கண்ணு. அது அவன் கண்டுபிடித்தது, நம் கிச்சனில். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்கு எட்டு வயதில், பந்து அடித்துப் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலை உடைத்தாய். மூன்று நாள் அந்த மனிதர் நம் முகத்தையே பார்க்கவில்லை. நான் இதே தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு தேங்காய் எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். தேங்காயைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. நாலு பழத்தோடு பெரியவனாக ஒருத்தன் நேரில் போய்ப் பக்குவமாகப் பேசினால், எந்த ஊரிலும் எந்தச் சண்டையும் தீரும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். பிறகு இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லையா, வாடகைக்கு இருந்த பையன்களுக்குள் தகராறா, கூப்பிடு அவரை என்றார்கள். கூப்பிடாத இடத்துக்கும் போனேன். பஞ்சாயத்து என்று நீயும் அம்மாவும் கேலி செய்தபோது உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

முதல் ரெக்கார்டு வந்த வருடம் உங்களுக்கு வந்த சிக்கல் உனக்கு நினைவிருக்கும். ரெக்கார்டில் சமாளித்துவிட்ட கைலின் குரல் மேடையில் பெரிய பாட்டின் கடைசியில் உடைந்துபோனது, ஒருமுறை இல்லை, இரண்டு முறை. சான்டா குரூஸிலிருந்து வேறொரு பாடகனைப் பார்த்து வைத்தீர்கள். கைல் கிட்டாரோடு நிற்கட்டும் என்று முடிவு. சனிக்கிழமை சான் ஹோசே கிளப்பில் நடக்கிற ஷோ முடிந்த பிறகு அவனிடம் சொல்வது என்றும் முடிவு. சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும், பாட வைத்துவிட்டு அப்புறம் சொல்வது அசிங்கம் என்று டெரக் ஒருவன் சண்டை போட்டான். இதையெல்லாம் நீ சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நடுவில் வாயைத் திறந்ததும், "அப்பா, ப்ளீஸ், இது பேண்ட் மேட்டர், நீங்க இன்வால்வ் ஆகாதீங்க" என்றாய். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஆனால் மனதுக்குள், ஒரு வீட்டுப் பிள்ளையை இப்படி ஒதுக்கி வைக்கப் போகிறார்கள், அந்தத் தாயிடம் நம் வீட்டிலிருந்து பெரியவர்கள் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது மரியாதையா என்ற எண்ணம் ஓடியது. பையனிடம் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள், அல்லது எப்படியும் ஜாடையாகத் தெரிந்திருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதான் சொல்லப்போகிறீர்கள் என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அது மண்டைக்குள் போகவில்லை. போக விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி வீட்டுக்கு வந்தேன். அம்மா வெளியே போயிருந்தாள். தட்டை எடுத்துக் கழுவி, பழமும் தேங்காயும் வைத்து, ஃப்ரீமான்ட்டில் கைல் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஆஸ்பத்திரி வேலை உடுப்போடு கதவைத் திறந்தாள். நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து "நோ தேங்க் யூ" என்றாள். நான் செந்திலின் அப்பா என்று சொல்லி உள்ளே போய், மூச்சு விடாமல் பேசினேன். பிள்ளைகள் முடிவு பண்ணிவிட்டார்கள், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், பாட்டு இல்லாவிட்டால் என்ன, உங்கள் பையன் கிட்டார் அருமையாக வாசிக்கிறான், எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். அந்த அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "கைலுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஏதோ உளறினேன். தட்டை மேஜை மேல் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்தது. நீ புது ஸ்ட்ரிங் மாட்டிக்கொண்டிருந்தாய், நான் அந்தப் பக்கமாக நாலு தடவை நடந்தேன்.

சனிக்கிழமை கைல் வரவில்லை. பாடகன் இல்லாமல் மூன்று பேர் மேடையில் நின்றதும், பாதியில் ஆட்கள் எழுந்து போனதும், உன் வரலாற்றில் விவரமாகவே இருக்கிறது. கைல் ஒரேகானில் இருந்த அவன் அப்பாவிடம் போய்விட்டான். அவன் நம் ஆன்ஸரிங் மெஷினில் விட்டுப்போனதை நீ கிச்சனில் நின்று கேட்டபோது நானும் கூடவே நின்றேன். நேரில் சொல்ல தைரியம் இல்லாமல் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாய், நான் எழுதிய வரிகளை இனி யாரும் பாடக்கூடாது என்றான். யாரை விட்டு என்று அவன் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான். பின்னால் நீங்கள் மறுபடி சிநேகமான பிறகும் அவன், நீதான் என்னை அனுப்பினாய் என்று நினைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக அதைப் பற்றிப் பேசாமல் உன்னோடு பழகிக்கொண்டிருக்கிறான். நீயோ, ஆள் என்றால் டெரக்தான் என்று முடிவு கட்டினாய். சண்டை போட்டவன் அவன்தானே, கைல் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவனும் அவன்தானே. என் பக்கம் உன் சந்தேகம் திரும்பவே இல்லை.

மறுநாள் டெரக்கை கராஜுக்கு வரச்சொன்னாய். கைலிடம் சொன்னது நீயா என்று கேட்டாய். அவன் உன் தோளுக்கு மேலாகக் கிச்சன் கதவைப் பார்த்தான். அங்கே நான் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். "யார் சொன்னா என்ன? இப்ப அதுவா முக்கியம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கு அதுதான் முக்கியம் என்று நீ கத்தினாய். அவன் மறுபடி என்னைப் பார்த்தான். ஒரு ஆள் வாய் திறந்து ஒரு உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தான். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து, கழுவின டம்ளரை மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோது அவன் டிரம்ஸைப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நீ உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

அவனுக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சனிக்கிழமை மாலை ஷோவுக்குக் கைலைக் கூட்டிக்கொண்டு வரப் போனவன் அவன்தான். கைல் இல்லை. அவன் அம்மா, இதை அந்த மனிதரிடம் கொடுத்துவிடு என்று தட்டை நீட்டியிருக்கிறாள். விளிம்பில் உன் அம்மாவின் பெயர். நீ அவனைத் துரோகி என்று கத்தியபோது அந்தத் தட்டு நம் வாசலில் நின்ற அவன் காரின் பின் சீட்டில் கிடந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அவன் போகவில்லை. அடுத்த வாரம், நீ காலேஜுக்குப் போன பிறகு, வந்து மணி அடித்தான். "அங்கிள், உங்க தட்டு" என்றான். தட்டில் டோனட் கடையில் கொடுக்கிற சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து வைத்திருந்தான். நான் வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, சத்தியமாக வேறு எதுவும் சொல்லவில்லை. தட்டை கராஜ் அலமாரியில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அம்மா அதைத் தேடியபோது கோவில் சாப்பாட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அப்புறம் நடந்ததை நீ ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். சான்டா குரூஸ் பாடகன் ஒரு வருடம். பிறகு ஒரு பெண். டுவான் விலகியது, திரும்பி வந்தது. டிரம்ஸில் மட்டும் நாலு பேர். ஆள் மாறினாலும் பேண்ட் நிற்காது என்று நீ எழுதியிருப்பதைப் படிக்கிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். இரண்டாவது ரெக்கார்டு வந்து, ரேடியோவில் உன்னைப் பேட்டி கண்டு, எங்கிருந்தோ பிள்ளைகள் உனக்குக் கடிதம் எழுதினபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் நான் கிச்சனில் இருந்து வேறொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டெரக் போன பிறகு நீ யாரையும் முழுசாக நம்பவில்லை. ரெண்டு பேர் ஓரமாக நின்று பேசினாலே உன் முகம் இறுகியது. ஒவ்வொருத்தரையும், அவர்கள் உன்னை விட்டுப் போவதற்கு முன்னால் நீயே அனுப்பினாய். கலைஞன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது உன் இயல்பு இல்லை. ஜன்னலை உடைத்துவிட்டு நீயே வந்து என்னிடம் சொன்ன பையன் நீ. உன்னை அப்படி ஆக்கினது நான், அதைப் பார்த்துக்கொண்டே எட்டு வருடம் காபி குடித்தேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். கல்யாணத்துக்குக் கைல் வருகிறான். இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய கதை பேசினால் என் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. இல்லை என்றால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் உன் எழுத்தில் 'எங்கள் முதல் டிரம்மர் ரகசியத்தைப் போட்டுக்கொடுத்தான், அதோடு பேண்டின் முதல் காலம் முடிந்தது' என்று படித்தபோது பயத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. கைபேசியும் இன்டர்நெட்டுமாக இருக்கிற காலம், ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் டெரக்கின் சின்ன மகள் வளர்ந்து அதைப் படிப்பாள். அதைப் படித்த அன்று வீட்டுக்குப் போனதும் கராஜிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தேன். சொன்னேன். அவள் வெகுநேரம் அந்தப் பெயரையே தடவிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்தப் பையன் நம்ம வூட்ல சோறு தின்னவனுங்க" என்றாள். "ரெண்டு வருசம் என்ற கையால தோசை சுட்டுப் போட்டிருக்கறன். திடீர்னு வராம போயிட்டான்னு நானும் அவனத் திட்டியிருக்கறனுங்க." பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

போன சனிக்கிழமை டிரேஸிக்குப் போனேன். டெரக் அங்கேதான் இருக்கிறான், வீடு வீடாக கராஜ் கதவு மாட்டுகிற வேலை. மூன்று வயதுப் பெண் குழந்தை கிரேயானோடு தரையில் உட்கார்ந்திருந்தது. டெரக் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, "அங்கிள், காபி?" என்றான். அவன் ஆங்கிலத்தில் பேசினதை என் தமிழில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அவன்கிட்ட சொல்லிடுவீங்க, மறுநாள் எனக்கு ஃபோன் வரும்னு நினைச்சேன்" என்றான். "அவன் எதிர்ல உங்களக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரல. அதை நீங்களே சொல்லணும்னு விட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். சரி, தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தா ஞாபகம் வரும்னு வந்தேன். நீங்க தேங்க் யூ சொன்னீங்க." அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை கண்ணு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு உன்னை அந்தப் பழைய செல்லப்பெயரில் சொல்லிக் கேட்டான், "சென்னுக்கு இப்பத் தெரியுமா?" இன்னும் இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்? முதல்ல அவன்கிட்டப் போங்க." சட்டைப்பையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, அந்தப் பதினொன்றை இப்போது யார் வாசிப்பது என்று கேட்டான். புது டிரம்மர் என்றேன். "நல்லாத்தான் வாசிக்கிறான், கடைசி மூணுல அவசரப்படறான்" என்றான். உங்கள் ரெக்கார்டு ஒன்று விடாமல் கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். என் அனுபவத்தில் உனக்குக் கொடுக்க இதுதான் இருக்கிறது. உனக்கும் நித்யாவுக்கும் ஏதாவது என்றால் நீயே போய் அவளிடம் சொல். என்னையும் அனுப்பாதே, அவள் அப்பாவையும் கூப்பிடாதே, நாங்கள் பழத்தட்டோடு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்காதே. அவள் பேசாமல் இருந்தால் அதை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே. வேறு யாரோ பேச வேண்டியதற்காகக்கூட ஒருத்தர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இன்னொரு தடவை கேள். தப்பு உன்னுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், ஒரு வாரம் போனால் வாய் ஒட்டிக்கொள்ளும், என்னைப் பார்.

வரலாற்றில் அந்தப் பத்தியைத் திருத்து. டிரம்மர் இல்லை, பாஸ் வாசித்தவனின் அப்பா என்று பச்சையாகவே எழுது, என் பெயரையும் போடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. பதினொன்று அவனுடையது என்றும் எழுது. என் மேல் உனக்கு வரும் கோபத்தைத் தணிக்க நான் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. கோபம் நியாயம். கல்யாண மேடையில் என் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை என்றால்கூட அம்மா சமாளித்துக்கொள்வாள். நீ என்னோடு பேசாமல் இருந்துவிடுவாயோ என்று பயந்துதான் எட்டு வருடம் மறைத்தேன், அந்தப் பயம் இந்த வரி எழுதும்போதும் விடவில்லை. நீ என் பிள்ளை, நீ பேசாவிட்டால் எனக்குத் தாங்காது. தாங்காது என்பதற்காக அவன் தலையில் இதைக் கட்டியது மகா பாவம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்துவிடுவாய். கிச்சன் மேஜையில் அம்மாவின் தட்டு இருக்கிறது, கழுவித் துடைத்து, வெற்றிலை பாக்கு, பழம், மேலே ஒரு பத்திரிகை. உறையின் மேல் பெயர் எழுதவில்லை, அது உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீங்க போனதெல்லாம் போதுமுங்க" என்றாள். அதனால் சனிக்கிழமை நீ தட்டை எடுத்துக்கொள், நான் காரை ஓட்டுகிறேன். அவன் வீட்டு வாசலில் நீ மட்டும் இறங்கிப் போ. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, சண்டை போடு, அழு. நீங்கள் இரண்டு பேரும் வந்து கூப்பிடும்வரை நான் காரை விட்டு இறங்க மாட்டேன்.

அப்பா